ஐஸ்லாந்தைப் படம்பிடித்தோர்

வட அத்திலாந்திக்குச் சமுத்திரத்திலே, வடதுருவ வட்டத்துக்குச் சற்றுத் தெற்கே, ஐஸ்லாந்து என்னுந் தீவு கிடக்கின்றது. அதன் பரப்பு ஏறத்தாழ 103,000 சதுர கிலோமீற்றர். அதிற் பத்திலொரு பங்கைப் பனிக்கட்டி மூடியிருக்கின்றது. அப்பனிக்கட்டியின் பக்கத்திலும், சில இடங்களில் அதன் அடியிலுமே, எரிமலைகள் கனன்றுகொண்டிருக்கின்றன. நெருப்பும் நீரும் பகை என்பது நாம் அறிந்ததே. அவ்விரு பகைவரும் ஒரே வீட்டிற் குடியிருக்கும் நாடு என்று ஐஸ்லாந்தைச் சொல்லலாம்.

இந்நாட்டின் நிலக்காட்சிகளைக் கமராவினாற் பதிவுசெய்தோரின் வரலாறே இன்றைய பேச்சின் பொருளாகும். இதிற் பேசுவதற்கு என்ன இருக்கின்றது என்று நேயர்கள் வினவலாம். அழகிய மலையைக் கண்டவர் படம்பிடிப்பது உலக இயல்புதானே! ஆயினும், மலையும் ஆறும் நம் ஆயுட்காலத்தில் மாறமாட்டா என்ற நம்பிக்கையோடுதான் நாம் அவற்றைப் படம்பிடிக்கின்றோம். மாறுபவர் மனிதர், நிலம் நிற்கும் என்பது நம் எண்ணம். ஐஸ்லாந்திலோ, படம்பிடித்தவரின் பேரன் அதே இடத்துக்குப் போனால், அந்த நிலம் அங்கே இல்லை. அழகுக்காக எடுக்கப்பட்ட படம் ஒரு வழக்கின் சாட்சியாக மாறிய கதை இது.

முதலில் ஒரு சொல்லை விளக்கவேண்டியவனாக இருக்கின்றேன். பனி என்று நாம் சொல்லும்போது, மார்கழி விடியற்காலையிற் புல்நுனியில் நிற்குந் துளியே நினைவுக்கு வருகின்றது. ஐஸ்லாந்தர் ‘யோக்குல்’ என்று கூறுவது அதுவன்று. குளிர்காலத்திற் பெய்த வெண்பனி கோடையில் முற்றும் உருகிவிடாமல், ஆண்டுக்காண்டு படிந்து, தன் பாரத்தினால் இறுகிக் கட்டியாகின்றது. அக்கட்டி போதிய தடிப்பை அடைந்ததும், அந்தப் பாரத்தினாலேயே பள்ளத்தாக்கை நோக்கி மெல்ல நகரத் தொடங்குகின்றது. அவ்வாறு நகர்வதனாலேயே அதனைப் பனிக்கட்டியாறு என்கின்றோம். நகராத பனிக்கட்டி, பனிக்கட்டியாறு ஆகாது. இவ்வேறுபாட்டை நேயர்கள் மனத்திற் கொள்ளவேண்டும். பின்னர் இதனை நினைவூட்டுவேன்.

இன்னொரு சொல்லையுங் குறிப்பிடலாம். பிறமொழிச் சொற்களை அப்படியே எடுத்துக்கொள்ளாது, தம் பழைய மொழியின் வேர்களைக்கொண்டே புதுச்சொல் ஆக்குவது ஐஸ்லாந்தர் வழக்கம். அவர்கள் கமராவினால் எடுக்கப்படும் படத்துக்கு இட்ட பெயர் ‘லியோஸ்மிண்ட்’ என்பதாகும். லியோஸ் என்றால் ஒளி. மிண்ட் என்றால் உருவம். நாம் ஒளிப்படம் என்று வழங்குவதற்கு இது முற்றும் ஒத்திருக்கின்றது. ஆதலால் இப்பேச்சிலும் ஒளிப்படம் என்ற சொல்லையே ஆளுகின்றேன்.

பாரிஸ் நகரத்து டாகர் என்பவரின் ஒளிப்பட முறை 1839ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. வெள்ளிமுலாம் பூசிய செப்புத்தகட்டை அயடீன் ஆவியிற் பிடித்து, கமராவில் வைத்து ஒளிபடச்செய்து, பின்னர் இரச ஆவியினால் உருவைத் தோற்றுவிப்பது அம்முறை. ஒரு தகட்டுக்கு ஒரே படம். பிரதி எடுக்க இயலாது. ஆறு ஆண்டுகளுக்குள் இம்முறை ஐஸ்லாந்தை அடைந்துவிட்டது. அதனைக் கொண்டுசென்றவர் ஓவியருமல்லர், வணிகருமல்லர். அல்பிரட் தே குளுவாசோ என்னும் பிரான்சியக் கனிப்பொருளியலறிஞர். ஒரு பொருளை அதனூடாகப் பார்த்தால் இரண்டாகத் தோற்றுவிக்கும் ஒருவகைத் தெளிந்த படிகம் ஐஸ்லாந்திற் கிடைப்பது. அதனை ஆராய்வதற்காக 1845இல் அங்குச் சென்ற அவர், தலைநகராகிய ரெய்க்கியவிக்கில் எடுத்த தகட்டுப்படங்களே அந்நாட்டில் எடுக்கப்பட்டு இன்றுவரை எஞ்சியுள்ள ஒளிப்படங்களில் மிகப் பழையனவாகும்.

அதே 1845ஆம் ஆண்டின் செப்தெம்பர் மாதத்தில் ஹெக்லா என்னும் பேர்பெற்ற எரிமலை வெடித்தது. மறு ஆண்டில் தே குளுவாசோ மீண்டுஞ் சென்றார். இம்முறை ஜெர்மானிய இரசாயன அறிஞர் பன்சனும் அங்கே வந்திருந்தார். பாடசாலை ஆய்வுகூடங்களிலுள்ள பன்சன் சுடரடுப்பு இவர் பெயரால் வழங்குவதே. பூமியிலிருந்து வானோக்கிப் பீறிடும் வெந்நீரூற்றுக்களின் ஆழத்தில் வெப்பம் எவ்வளவு என்று இருவரும் அளந்தனர். ஆனால் ஹெக்லாவின் வெடிப்பை அன்றைய கமராவினாற் பிடிக்க முடியவில்லை. அசையாத வீடுகளும் கரையுமே அதற்கு அகப்பட்டன. சீறியெழுந்து சிதறும் புகைத்தூணைப் பதிவுசெய்யும் வேகம் அத்தகட்டுக்கு இல்லை.

ஐஸ்லாந்தருள் இக்கலையை முதலிற் கற்றவர் ஹெல்கி சிகுர்த்சன் என்பவர். கோப்பன்ஹேகன் நகரிற் பயின்ற காலத்தில் தகட்டுப்பட முறையைக் கற்றுத் தாயகம் திரும்பிய இவர், பின்னர்க் கிறித்தவ குருவானவராயினார். பழம்பொருள்கள் அழிந்துபோகின்றனவே என்று வருந்திய இவர், தாம் சேர்த்துவைத்திருந்த 15 பொருள்களை நாட்டுக்கு அன்பளிப்புச் செய்தார். அவற்றைத் தொடக்கமாகக் கொண்டே 1863ஆம் ஆண்டு பெப்ரவரி 24ஆந் தேதி ஐஸ்லாந்தின் தேசிய அரும்பொருட்சாலை தோன்றிற்று. ஒளிப்படக் கலையை முதலிற் கற்றவரே பழமையைப் பேணும் பணிக்கும் வித்திட்டார் என்பது கருதத்தக்கது. நிலையாதவற்றைக் காக்கவேண்டும் என்னும் வேட்கை இரண்டு பணிகளுக்கும் பொதுவானதன்றோ?

அடுத்த தலைமுறையின் முறை ஈரத்தகட்டு முறை எனப்படும். கண்ணாடித் தகட்டின்மேற் கொலோடியன் என்னும் பசையை ஊற்றி, வெள்ளிநைத்திரேற்றுக் கரைசலில் நனைத்து, ஈரம் காயுமுன்னே படம்பிடித்து, ஈரம் காயுமுன்னே உருத்துலக்கவும் வேண்டும். எல்லாம் சில நிமிடங்களுள் நிகழவேண்டியவை. ஆகவே மலைக்காட்சியை விரும்பியவர், கமராவோடு இருட்டுக் கூடாரத்தையும் இரசாயனப் புட்டிகளையும் கண்ணாடிகளையும் மலைக்கே கொண்டுபோகவேண்டியிருந்தது. ஐஸ்லாந்தின் உட்பகுதியில் அன்று வண்டிப்பாதைகள் இல்லை. சிறிய நாட்டுக்குதிரைகளே வாகனம். ஆறுகளுக்குப் பாலங்கள் இல்லை. பனிக்கட்டியாற்றிலிருந்து வரும் அவ்வாறுகள் காலையிற் கணுக்காலளவும் மாலையிற் கழுத்தளவும் ஓடக்கூடியவை. கோடைவெயில் ஏற ஏறப் பனி உருகி நீர் பெருகும். போதாக்குறைக்குக் காற்று எழுந்தால் எரிமலைச் சாம்பற்றூள் பறந்துவந்து ஈரத்தகட்டில் ஒட்டிக்கொள்ளும்.

இத்துணை இடர்களுக்கிடையே தொழில் நடத்தியவர் சிகுபூஸ் எய்முண்ட்சன். 1837இற் பிறந்து 1911இல் மறைந்த இவர், 1860களின் பிற்பகுதியில் ரெய்க்கியவிக்கில் ஒளிப்பட நிலையம் நடத்தத் தொடங்கினார். 1872இற் புத்தகசாலையும் நிறுவினார். நிலையத்துக்குள் மனிதரைப் படம்பிடிப்பதோடு அமையாது, நாட்டின் பல பாகங்களுக்குஞ் சென்று நிலக்காட்சிகளையும் பதிவுசெய்தார். கிழக்குக் கரையிலே நிக்கொலீன் வெய்வாட் என்னும் அம்மையார் 1870களில் ஒளிப்படத் தொழிலை மேற்கொண்டார். அந்நாட்டில் அத்தொழிலை முறையாகக் கற்று நடத்திய முதற் பெண்மணி இவரே. இவர் வாழ்ந்த தைகர்ஹோர்ன் என்னும் இடம் கனிப்படிகங்களுக்குப் பேர்போனது.

1875இல் ஆஸ்க்யா எரிமலை வெடித்துக் கிழக்குப் பகுதியின் மேய்ச்சல் நிலங்களைச் சாம்பலால் மூடியது. ஆட்டுக்குப் புல் இல்லையேல் அந்நாட்டவர்க்கு வாழ்வில்லை. குடும்பங்கள் பல வட அமெரிக்காவுக்குக் கப்பலேறின. 1870 முதல் முதலாம் உலகப்போர் வரையில் அவ்வாறு வெளியேறியோர் ஏறத்தாழ 15,000 பேர். நாட்டின் மொத்தச் சனத்தொகையே அன்று ஓரிலட்சத்துக்கு உட்பட்டதாகும். இதிலே உருக்கமான ஒரு செய்தி உண்டு. அக்குடியேறிகளை ஏற்றிச்சென்ற அலன் கப்பற் கம்பனியின் முகவராகப் பணிபுரிந்தவர், நாம் மேலே கண்ட சிகுபூஸ் எய்முண்ட்சனே. நாட்டின் மலைகளையும் நீர்வீழ்ச்சிகளையும் படம்பிடித்த அதே மனிதர், அவற்றை விட்டுப் பிரிவோருக்குப் பயணம் ஒழுங்குசெய்தவருமாவார்.

இக்காலத்துப் படங்களைப் பார்ப்போர் ஒன்றை அறிந்திருத்தல் நன்று. பழைய தகடுகள் நீலநிற ஒளியையே நன்கு உணர்வன. பச்சையையும் செம்மையையும் அவை ஏறக்குறைய உணரா. எனவே, ஐஸ்லாந்தின் எரிமலைப் பாறைகளை மெத்தைபோல் மூடியிருக்கும் பசும்பாசி படத்திற் கருமையாக விழும். எரிமலைவாயின் செங்கற்சிவப்பும் கருமையாகவே விழும். பனிக்கட்டியின் மெல்லிய நீலமும் வானத்தின் நீலமும் ஒன்றுசேர்ந்து வெறும் வெண்மையாகிவிடும். மலையுச்சி எங்கே முடிந்தது, வானம் எங்கே தொடங்கியது என்று சொல்லமுடியாத படங்கள் இதனாலேயே உண்டாயின. ஐஸ்லாந்து என்றால் கறுப்பும் வெளுப்புமான கடுமையான நாடு என்று ஐரோப்பிய மக்கள் எண்ணியதற்கு, நாட்டின் இயல்பு பாதி காரணமென்றால், தகட்டின் குருட்டுத்தன்மை மறுபாதி எனலாம். ஆயினும் ஓர் அனுகூலமும் இருந்தது. ரெய்க்கியவிக்கு 64 பாகை வட அகலக்கோட்டில் உள்ளது. ஆனி மாதத்தில் அங்கே நள்ளிரவை அண்டியே சூரியன் மறைகின்றது, இருள் சூழ்வதேயில்லை. சூரியன் தாழ நின்று நெடுநேரம் சாய்ந்த ஒளியை வீசுவதால், பாறையின் ஒவ்வொரு மடிப்பும் நிழல்பெற்றுத் தெளிவாகத் தோன்றும். மார்கழியிலோ பகலொளி நான்கு மணித்தியாலந்தான்.

1880களில் உலர்தகடுகள் பரவியதும் நிலைமை மாறிற்று. தொழிற்சாலையில் ஆயத்தஞ்செய்த தகட்டைக் கொண்டுசென்று படம்பிடித்து, வீடு திரும்பிய பின் உருத்துலக்கினாற் போதும். அதனால் வெளிநாட்டுப் பயணிகள் பலர் கமராவோடு வந்தனர். அவர்களுள் இருவரைச் சிறப்பாகக் குறிப்பிடவேண்டும்.

ஒருவர் பிரெடரிக் ஹவெல் என்னும் ஆங்கிலேயர். ஐஸ்லாந்தின் தென்கிழக்கில் வத்னயோக்குல் என்னும் பனிக்கட்டிப் பெருவெளி கிடக்கின்றது. அதன் தென்விளிம்பிலே ஒரைவயோக்குல் என்னும் எரிமலை உண்டு. பனிக்கட்டியைத் தலையிற் சுமந்த அந்த எரிமலையின் கொடுமுடியே ஐஸ்லாந்தின் அதியுயர்ந்த இடம். 2005இல் அளந்தபோது அதன் உயரம் 2,110 மீற்றர் எனக் கண்டனர். அக்கொடுமுடியில் 1891ஆம் ஆண்டில் அவ்வூரவர் இருவரின் துணையோடு முதன்முதல் ஏறியவர் ஹவெல். பயணிகளை அழைத்துச் செல்லும் வழிகாட்டியாகவும் பணிபுரிந்து, பல ஆண்டுகள் அந்நாட்டுக்கு வந்துபோய், நூற்றுக்கணக்கான படங்களை எடுத்தார். குடியானவரின் புற்றரைக் கூரை வீடுகள், குதிரைகள் ஆற்றைக் கடக்குங் காட்சி, பனிக்கட்டியாறுகளின் முகப்பு ஆகிய யாவும் அவற்றில் உண்டு. 1901ஆம் ஆண்டில், வடபகுதியிலுள்ள ஹேராத்ஸ்வோட்ன் என்னும் ஆற்றைக் கடக்கும்போது அவர் நீரில் மூழ்கி இறந்தார். தாம் பலமுறை படம்பிடித்த அத்தகைய ஆறொன்றே அவர் உயிரைக் கொண்டது. அவருடைய படங்கள் இன்று அமெரிக்காவிலுள்ள கோர்னெல் பல்கலைக்கழகத்தின் ஐஸ்லாந்து நூற்றொகுதியிற் பேணப்படுகின்றன.

மற்றவர் தெம்பெஸ்ற் அண்டர்சன். இங்கிலாந்தின் யோர்க் நகரத்தில் வாழ்ந்த கண் வைத்தியர். ஓய்வுகாலமெல்லாம் எரிமலைகளைத் தேடிச் சென்று படம்பிடித்தவர். ‘பல தேசங்களில் எரிமலை ஆய்வுகள்’ என்னும் பொருள்படப் பெயரிட்டு 1903இல் அவர் வெளியிட்ட நூலில் ஐஸ்லாந்தும் இடம்பெற்றது. அழகை மட்டும் கருதாது, பின்வரும் அறிஞர் ஆராய்தற்கு உதவவேண்டும் என்ற நோக்கத்தோடு படம்பிடித்தமையே அவர் சிறப்பு. 1913இற் கீழைத்தேயத்து எரிமலைகளைக் கண்டு திரும்பும் வழியிற் கப்பலிலே உயிர்நீத்தார்.

அத்தகைய பதிவின் அருமையை உணரவேண்டுமானால், கமரா இல்லாத காலத்து நிகழ்ச்சி ஒன்றை எண்ணிப் பார்க்கவேண்டும். 1783ஆம் ஆண்டு ஜூன் 8ஆந் தேதி லாக்கி என்னும் இடத்திலே பூமி 27 கிலோமீற்றர் நீளத்துக்குப் பிளந்தது. எட்டு மாதங்கள் நெருப்புக் குழம்பும் நச்சுப்புகையும் வெளிப்பட்டன. கால்நடைகள் மடிந்தன. தொடர்ந்த பஞ்சத்தில் நாட்டு மக்களுள் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கினர் மாண்டனர். அப்பேரழிவை நாம் அறிவது யோன் ஸ்தெய்ன்கிரிம்சன் என்னும் குருவானவர் முதலானோர் எழுதிவைத்த எழுத்தினால் மட்டுமே. எழுத்து, மனிதர் பட்ட துன்பத்தைச் சொல்லிற்று. ஆனால் அழியுமுன் அந்நிலம் எத்தோற்றத்தோடு இருந்தது என்பதைக் கண்ணாற் காண நமக்கு வழியில்லை.

இருபதாம் நூற்றாண்டில் ஒளிப்படம் விஞ்ஞானத்தின் கருவியாயிற்று. 1930இல் யோன் ஏய்தோர்சன் என்னும் வானிலை அறிஞர், பனிக்கட்டியாறுகளின் முகப்பு ஆண்டுதோறும் முன்னேறுகின்றதா, பின்வாங்குகின்றதா என்று அளக்கும் பணியைத் தொடங்கினார். அயலிலுள்ள குடியானவர்களே அளந்து குறித்தனர். அவர்களது வழித்தோன்றல்கள் பலர் அப்பணியைத் தொடர்ந்தனர். 1945, 1946ஆம் ஆண்டுகளில் அமெரிக்கப் படையினர் ஆகாய விமானங்களிலிருந்து தீவு முழுவதையும் படம்பிடித்தனர். தேசப்படம் வரைவதற்காக எடுக்கப்பட்ட அவ்வான்படங்கள், பனிக்கட்டி அன்று எவ்வளவு தடித்திருந்தது என்பதை இன்று கணிப்பொறியினாற் கணிப்பதற்கு உதவுகின்றன.

1947 மார்ச் 29இல் ஹெக்லா மறுபடி பெருமுழக்கத்தோடு வெடித்தது. 1845இற் கமராவுக்கு அகப்படாத மலை, இம்முறை பதின்மூன்று மாதம் அறிஞர் பலரின் கமராக்கள் முன் நின்றது. அவர்களுள் ஒருவர் வானநூலறிஞர் ஸ்தெய்ன்தோர் சிகுர்த்சன். நவெம்பர் 2ஆந் தேதி, நகர்ந்துவரும் எரிமலைக் குழம்பைச் சலனப்படமாக எடுத்துக்கொண்டிருந்தார். குழம்பின் முகப்பிலிருந்து பிரிந்து உருண்ட கனல்பாறை ஒன்று அவரைத் தாக்கிற்று. அவர் அங்கேயே உயிரிழந்தார். இன்று நாம் ஒரு நொடியிற் பார்த்துவிட்டுக் கடந்துபோகும் எரிமலைப் படங்களின் வரலாற்றிலே இத்தகைய உயிரிழப்பும் உண்டு என்பதை மறத்தலாகாது.

1963 நவெம்பர் 14ஆந் தேதி காலை, தென்கரைக்கு அப்பாற் கடலிலிருந்து புகை எழுந்தது. சில நாட்களுள் ஒரு புதுத்தீவு பிறந்தது. பழங்கதையில் வரும் நெருப்பு அரக்கனின் பெயரால் அதற்குச் சுர்ட்சேய் என்று பெயரிட்டனர். ஒரு நிலம் பிறந்த நாள்தொட்டுப் படிப்படியாகப் படம்பிடிக்கப்பட்டது எங்கும் அரிதாக வாய்ப்பது. 1967இல் வெடிப்பு ஓய்ந்தபோது ஏறத்தாழ 2.7 சதுர கிலோமீற்றர் பரப்புடையதாயிருந்த அத்தீவை அலைகள் அரித்து, இன்று ஏறக்குறையப் பாதியாக்கிவிட்டன. அங்கே முதற் பூண்டு முளைத்தது 1965இல். அயலிலுள்ள ஹேமாயே தீவிலோ வேறுவிதமான படங்கள் எடுக்கப்பட்டன. 1973 ஜனவரி 23ஆந் தேதி நள்ளிரவு கழிந்தபின், மீன்பிடி நகரின் ஓரத்திலே பூமி பிளந்தது. ஐயாயிரத்துக்கு மேற்பட்ட மக்கள் அவ்விரவே படகேறினர். நகருக்கு மேலே நெருப்புச்சுவர் எழுந்து நிற்கும் படங்களும், கூரைவரை சாம்பலிற் புதைந்த வீடுகளின் படங்களும் உலகெங்கும் சென்றன. நூற்றுக்கணக்கான வீடுகள் மறைந்தன. அவ்வீடுகளும் தெருக்களும் இருந்த தோற்றத்தை இன்று காட்டவல்லவை பழைய படங்களே.

இனி, தொடக்கத்திற் சொன்ன வழக்குக்கு வருவோம். எரிமலையின் மாற்றம் முழக்கத்தோடு நிகழ்வது, எவருங் காண்பர். பனிக்கட்டியின் மாற்றமோ ஓசையற்றது. ஒருநாள் நின்று பார்ப்பவருக்கு அது தெரியாது. அதனைத் தெரியச்செய்யும் முறை மீள்படம்பிடித்தல் எனப்படும். பழைய படமொன்றைக் கையிற்கொண்டு, அது எடுக்கப்பட்ட அதே இடத்தைத் தேடிச் செல்லவேண்டும். படத்தில் அண்மையிலுள்ள பாறையும் சேய்மையிலுள்ள சிகரமும் எந்த நிலையில் ஒன்றையொன்று மறைக்கின்றனவோ, அந்த நிலை அமையும்வரை முன்னும் பின்னும் இடமும் வலமும் நகரவேண்டும். அமைந்தவுடன் கமராவை நாட்டி மீண்டும் படம்பிடிக்கவேண்டும். இரண்டையும் பக்கத்திற் பக்கம் வைத்தால், மலைகள் அப்படியே இருக்கும். இடையிலிருந்த பனிக்கட்டி இராது.

வத்னயோக்குலின் தென்பகுதியில் உள்ள பிரேய்தாமெர்க்குர்யோக்குல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அதன் முகப்பு கடற்கரைக்குச் சில நூறு மீற்றர் தூரம்வரை வந்திருந்தது. 1930களில் அது பின்வாங்கிய பள்ளத்திலே நீர் தேங்கத் தொடங்கிற்று. அத்தேக்கமே யோக்குல்சார்லோன் என்னும் ஏரி. இன்று அதன் ஆழம் 240 மீற்றருக்கு மேற்பட்டது. அந்நாட்டின் மிக ஆழமான ஏரி அதுவே. நீலப் பனிக்கட்டிகள் மிதக்கும் அவ்வேரியைப் படம்பிடிக்காது திரும்பும் பயணி இல்லை. நூறாண்டுக்கு முன் வந்திருந்தால் அவர்கள் அவ்வேரியைக் கண்டிருக்கமாட்டார்கள் என்பதை அவர்களுட் பலர் அறியார்.

இவ்விடத்தில் நடுவுநிலையோடு ஒன்று சொல்லவேண்டும். ஐஸ்லாந்தின் பனிக்கட்டியாறுகள் பல நூற்றாண்டுக் குளிரில் வளர்ந்து, 1890ஐ அடுத்தே மிகப் பெரிய அளவை அடைந்திருந்தன. ஹவெல் முதலானோர் கண்டது அவ்வுச்சநிலையையே. பின்வந்த தளர்ச்சியின் தொடக்கத்தில் இயற்கைக்கும் பங்குண்டு. 1960களின் பின் சில பனிக்கட்டியாறுகள் சற்று முன்னேறியதும் உண்டு. ஆனால் 1990களின் நடுப்பகுதி தொட்டுப் பின்வாங்கல் இடையறாது நிகழ்கின்றது. மனிதர் எரிக்கும் நிலக்கரியும் எண்ணெயும் வளிமண்டலத்திற் சேர்க்குங் காபனீரொட்சைட்டே அதன் தலையாய காரணம். 1890ஐ அடுத்த காலந்தொட்டு 2019 வரையில் அந்நாடு இழந்த பனிக்கட்டிப் பரப்பு ஏறத்தாழ 2,200 சதுர கிலோமீற்றர். அதில் 750 சதுர கிலோமீற்றர் 2000ஆம் ஆண்டுக்குப் பின் இழந்தது. டேனிஷ் ஐஸ்லாந்துக் கலைஞர் ஓலபூர் எலியாசன் 1999இல் ஆகாயத்திலிருந்து படம்பிடித்த பனிக்கட்டியாறுகளை 2019இல் மீண்டும் படம்பிடித்து, இரண்டையும் சோடிசோடியாகக் காட்சிக்கு வைத்தார். இருபது ஆண்டுகளின் மாற்றமே காண்போரைத் திடுக்கிடச் செய்வதாயிருந்தது.

பனிக்கட்டியாறு நகரவேண்டும் என்று தொடக்கத்திற் கூறினேன் அல்லவா? மேற்குப் பகுதியில் ஓக் என்னும் மலையின்மேல் இருந்த பனிக்கட்டியாறு மெலிந்து மெலிந்து, தன் பாரத்தினால் நகரும் வலுவை இழந்தது. புவிச்சரிதவியலறிஞர் ஒட்டூர் சிகுர்த்சன் 2014இல் அதனை ஆராய்ந்து, அது இனிப் பனிக்கட்டியாறு அன்று என்று அறிவித்தார். ஒரு வைத்தியர் நாடியைப் பிடித்துப் பார்த்து மரணத்தை அறிவிப்பதைப் போன்றது அச்செயல். 2019 ஓகஸ்ட் 18ஆந் தேதி மக்கள் அம்மலையேறி, செப்புப் பட்டயம் ஒன்றைப் பாறையிற் பதித்தனர். எழுத்தாளர் அண்ட்ரி ஸ்னைர் மக்னசன் எழுதிய அவ்வாசகம் எதிர்காலத்துக்கு ஒரு கடிதமாக அமைந்தது.

கமராவின் புகழை மட்டும் பாடி முடித்தல் நேர்மையாகாது. 2010 ஏப்பிரலில் எய்யாபியாட்லயோக்குல் வெடித்து ஐரோப்பாவின் விமானப் போக்குவரத்தை முடக்கியபோது, அதன் படங்கள் உலகெங்கும் பரவின. அவ்வாண்டில் ஐந்து இலட்சத்துக்குச் சற்றுக் குறைவாயிருந்த பயணிகளின் தொகை 2018இல் இருபத்துமூன்று இலட்சமாயிற்று. ஒரு பாட்டுப்படத்திற் காட்டப்பட்டதனாற் புகழடைந்த ஒடுங்கிய பள்ளத்தாக்கு ஒன்று, படம்பிடிக்க வந்தோரின் காலடியிற் பாசி சிதைந்தமையால் 2019இற் சிலகாலம் மூடப்பட்டது. அப்பாசி மீண்டும் வளர்வதற்குப் பல பத்தாண்டுகள் செல்லும். நிலத்தைக் காக்கும் சாட்சியாகிய கமராவே நிலத்தைத் தேய்க்கும் கருவியுமாகலாம் என்பதற்கு இது சான்று.

2023 நவெம்பர் 10ஆந் தேதி கிரிண்டவிக் என்னும் கரையோர நகரின் மக்கள் மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் இரவோடிரவாக வெளியேற்றப்பட்டனர். 2024 ஜனவரி 14ஆந் தேதி எரிமலைக் குழம்பு நகருக்குட் புகுந்து மூன்று வீடுகளை எரித்ததை உலகமே நேரிற் பார்த்தது. 1845இல் ஹெக்லாவின் புகையைப் பிடிக்க இயலாத கமரா, இன்று எரியும் வீட்டை அவ்வீட்டுக்காரர் கண்முன்னே அக்கணத்திலேயே காட்டுகின்றது.

நேயர்களே, தே குளுவாசோவும் சிகுபூஸ் எய்முண்ட்சனும் ஹவெலும் தாம் கண்ட நிலம் என்றும் நிற்கும் என்றே நம்பியிருத்தல் கூடும். தாம் ஒரு சாட்சியத்தை எழுதிவைக்கின்றோம் என்று அவர்கள் அறிந்திருக்கமாட்டார்கள். ஆயினும், தகட்டைத் துடைத்து, இடத்தைத் தேர்ந்து, கண்டதைக் கண்டவாறே அவர்கள் பதித்துவைத்தமையால், எவ்வளவு இழந்தோம் என்பதை இன்று நாம் ஐயமின்றிச் சொல்ல முடிகின்றது. இன்று எடுக்கப்படும் படங்களையும் நூறாண்டின் பின் ஒருவர் கையிற் கொண்டு, பாறையையும் சிகரத்தையும் பொருத்திப் பார்த்து, அதே இடத்தில் வந்து நிற்பார். அப்போது அவர் முன்னே பனிக்கட்டி இருக்குமா, இராதா என்பது கமரா பிடிப்போரின் கையில் மட்டும் இல்லை. அது நம் எல்லோரது கையிலும் இருக்கின்றது.